கூப்பிடு தூரம்

கரண்டியால் டம்ளர் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன். வெளியே மடக்கு நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இவர் திரும்பிப் பார்த்தார், எழுந்து வந்தார், காபியை வாங்கிக்கொண்டார், காரியம் முடிந்தது. கல்யாணமாகி மூன்று வாரமாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் வசதி. மிக்ஸி இருக்கிறது, இருமலாம், அலமாரியைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தலாம், எதுவும் பலிக்கவில்லை என்றால் நேரே போய் எதிரில் நின்றுவிடலாம். ஐம்பத்தேழு வயதில் ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டால் ஊர் என்ன பேசும் என்று தெரியும், பேசினால் பேசட்டும் என்று துணிந்துதான் போனேன், ஆனால் கட்டிக்கொண்டவரை என்னவென்று கூப்பிடுவது என்கிற சின்ன விஷயத்தில் இப்படி மாட்டிக்கொண்டு முழிப்பேன் என்று யாரும் சொல்லவில்லை. இந்த வண்டிக்குள் தட்டுவதற்கும் சாத்துவதற்கும் அதிகம் இல்லை. கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் மேக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றுதான் நினைத்திருந்தேன், இதற்குள் மடித்தால் சோபா விரித்தால் கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, பீரோ அளவில் ஒரு பாத்ரூம், எல்லாம் வைத்துக் கோயமுத்தூரில் வாடகைக்கு விடுகிறார்கள். இவரே ஓட்டிக்கொண்டு வந்தார். ஆழியாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன், அங்கே பாருங்க வரையாடு, இங்கே பாருங்க வரையாடு என்று இவர் ஒவ்வொரு வளைவிலும் காட்டினார், நான் பார்த்தேன் பார்த்தேன் என்று மூடின கண்ணோடு சொல்லிக்கொண்டே வந்தேன். வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஓரம், கீழே ஓடை, மேலே சோலைக்காடு, நடுவில் இந்தத் திடல். நேற்று சாயங்காலம் எஸ்டேட் வாட்ச்மேன் ஆரோக்கியம் வந்து, "காட்டுமாடு இந்தப் பக்கம்தான் வரும்மா. கத்தக் கூடாது, ஓடக் கூடாது, அது பாட்டுக்கு அது போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும் ஆமாம் ஆமாம், விலங்கு பார்க்க வந்தால் வாயைத் திறக்கவே கூடாது என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒரு முழு நாள், கூப்பிட வேண்டாம் என்று காடே எனக்கு லீவு கொடுத்துவிட்டது.

காபி நன்றாகத்தான் இருந்தது. பனி இறங்கித் தேயிலைச் செடிகளின் தலை மட்டும் தெரிந்தது, ஏதோ ஒரு குருவி மனுஷன் சீட்டியடிப்பது மாதிரி மெட்டு ஆரம்பித்துப் பாதியில் மறந்துபோய் மறுபடி ஆரம்பித்தது, இவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு அதைத் தேடினார். கருணாகரன். மனசுக்குள் சொல்ல ஒரு தடையும் இல்லை. கருணாகரன், கருணாகரன், பார், சொல்லிவிட்டேன். வாயால்கூடச் சொன்னவள்தானே நான். உடுமலை அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் எத்தனையோ வருஷம் நின்று, பெரியவர் சின்னவர் பார்க்காமல் சீட்டில் இருக்கிற பேரை உரக்கக் கூப்பிட்டவள். இவர் மாதம் ஒரு தரம் சர்க்கரை மாத்திரைக்கு வருவார். ஈ.பி.யில் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவருக்குக் காசு கொடுத்து வாங்க முடியாதா, நடந்து வர ஒரு சாக்கு, பிற்பாடுதான் தெரிந்தது சாக்கு நடைக்கு மட்டும் இல்லை என்று. கருணாகரன்! என்று அந்த ஜன்னல் வழியாக எத்தனை தரம் கத்தியிருப்பேன், ஒரு கூச்சமாவது இருந்ததா. அப்புறம் பழக்கமாகி சார் ஆனார். சார், வெறும் வயிற்றில் போடாதீங்க. சார், இந்த மாசம் சர்க்கரை ஏறியிருக்கே. ரிஜிஸ்தர் ஆபீஸ் படி இறங்கும்போது இவர் மெதுவாக, "இனிமேயாவது சார் வேண்டாமே சுலோசனா" என்றார், சரிங்க சார் என்றேன், இரண்டு பேரும் சிரித்தோம், அன்றோடு சாரும் போயிற்று. பேர் சொல்லலாம்தான். இந்தக் காலத்துப் பெண்கள் வாடா போடா என்றே பேசுகிறார்கள், என் மகள் தேன்மொழி அவள் வீட்டுக்காரனை அப்படித்தான். ஆனால் இவரைக் கருணா என்று கூப்பிட ஒருத்தி இருந்தாள், காலேஜில் பார்த்துக் கட்டிக்கொண்டவள், போய் ஏழு வருஷமாகிறது, அந்தப் பேரில் அவள் குரல் இன்னும் ஒட்டியிருக்கும், அதில் என் வாயை வைக்க எனக்கு மனசில்லை. நேற்று சிக்னல் போவதற்கு முன்னால் தேன்மொழி போன் பண்ணினாள். "அம்மா, நான் அவரை என்னன்னு கூப்பிடறது? அப்பான்னு எனக்கு வராதும்மா, கோவிச்சுக்காதே. நீ என்னன்னு கூப்பிடற?" என்றாள். நான் கூப்பிடறதே இல்லையே கண்ணு என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அப்பாவக் கூப்பிட்ட மாதிரி மட்டும் கூப்பிடாதேம்மா" என்றாள். அதற்குள் லைன் போய்விட்டது, போய்விட்டதா, அவளே வைத்துவிட்டாளா தெரியவில்லை.

அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி. ஏனுங்க. அவ்வளவுதான் அந்த வார்த்தை, அதில் என்ன வைரமா பதித்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் யாரை வேண்டுமானாலும் ஏனுங்க என்பார்கள், பஸ் கண்டக்டரை, காய்கறிக்காரரை, வழி தெரியாத ஊரில் முன்னால் போகிறவரை. ஆனால் வீட்டுக்குள் அது ஒருவருக்குத்தான். அவருக்கு. நாச்சிமுத்து என்று ஊருக்கு ஒரு பேர் இருந்தது, தேங்காய் நார் மில் வைத்திருந்தார், தலைமுடியில் எப்போதும் நார்த்தூசி. கொல்லையில் இருந்தாலும் மாடியில் இருந்தாலும் ஏனுங்க என்றால் போதும், "வந்தேன் புள்ள" என்று சத்தம் வரும், ஆள் வருவதற்கு அரை மணி ஆகும், சத்தம் மட்டும் உடனே வரும். அவர் போன பிறகு நான் கண்டக்டரைக்கூட அப்படிக் கூப்பிடவில்லை. சார் என்பேன், தம்பி என்பேன். எட்டு வருஷம். ஒரே ஒரு தரம், அவர் போன முதல் வருஷம், மழை பெய்து மொட்டை மாடியில் துணி நனைய, அடுப்பில் கை வேலையாக இருந்தவள் நினைவில்லாமல் ஏனுங்க என்று குரல் கொடுத்துவிட்டேன். வீடு அப்படியே இருந்தது. மழைச் சத்தம் மட்டும். துணி நனைந்தால் நனையட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். அன்றைக்கு எடுத்து உள்ளே வைத்தது அந்த வார்த்தை. பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் அதை நான் வேறு யாருக்கும் கொடுக்காதவரை அவர் இன்னும் கூப்பிடக்கூடியவராக எங்கேயோ இருக்கிறார் என்று ஒரு நினைப்பு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. நான் ஏனுங்க என்று கூப்பிட்டு, இவர் திரும்பி, அந்த நொடியில் நான் எதிர்பார்த்தது வேறு முகம் என்று என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டால்? இலை அசைந்தால் எந்த விலங்கு என்று சொல்கிற மனுஷன், என் முகத்தில் விழுகிற ஏமாற்றம் தெரியாமலா போகும். தெரிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துக்கொள்வார், அப்புறம் இந்தக் கல்யாணம் ஒரு வீட்டில் குடியிருக்கிற இரண்டு நல்ல மனிதர்கள் என்று ஆகிவிடும். அதற்காகவா இத்தனை பேச்சு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெயில் ஏறியதும் மேலே நடந்தோம். நடை என்றால் நடை இல்லை, நாலு எட்டு வைப்பது, நிற்பது, இவர் விரலைக் காட்டுவது, நான் தேடுவது. இது நன்றாக இருந்தது. மலை அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பலாக்காயைக் கொறித்தது, இவ்வளவு பெரிய அணிலை நான் பார்த்ததே இல்லை, பூனை என்று நினைத்தேன். அப்புறம் சோலைமந்திகள், கறுப்பு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, ஒன்று குட்டியை இடுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தது, சம்பந்தி வீட்டுப் பார்வை. இவர் என் காதருகே குனிந்து, "உங்கள எடை போடுது" என்றார். இவர் என்னை நீங்க வாங்க என்றுதான் பேசுவார். மரியாதை எனக்குப் பிடிக்கும்தான், ஆனால் சில சமயம் இன்னும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்குக் கால் வலித்தது, நீங்கள் இருங்கள் நான் போய் அரிசி களைகிறேன் என்று ஜாடையில் சொல்லிவிட்டு வண்டிக்கு இறங்கிவிட்டேன். குக்கரை ஏற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் இவர் தேயிலைக்கு நடுவே பாதையில் நின்றுகொண்டு மரத்து உச்சியில் எதையோ பார்க்கிறார், இவருக்குப் பின்னால், ஒரு வீட்டு வாசல் தூரம்கூட இருக்காது, தேயிலைச் செடிகளைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்பு முதுகு எழுந்தது. காட்டுமாடு. அதன் தோள் இவர் தலைக்கு மேலே இருந்தது, காலில் மட்டும் வெள்ளை சாக்ஸ். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கத்தக் கூடாது என்று ஆரோக்கியம் சொன்னது ஞாபகம் வந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், பொய், கத்த என்னிடம் வார்த்தை இல்லை. அதனால் உலகத்தில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியத்தைச் செய்தேன், கதவைத் திறந்து இறங்கி, அந்த மாட்டைப் பார்த்துக்கொண்டே, இவரை நோக்கி நடந்தேன். கூப்பிடுவதை விட அது சுலபமாக இருந்தது. இவர் பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இவர் திரும்பினார், என்னைப் பார்த்தார், என் கண் போன இடத்தைப் பார்த்தார், என்னை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு அப்படியே நின்றார். மாடு எங்களை ஒன்றும் சட்டை செய்யவில்லை. மூச்சை ஒரு தரம் பெரிதாக விட்டுவிட்டு, பாதையைத் தாண்டி, அந்தப் பக்கத் தேயிலைக்குள் இறங்கியது. அது போன பிறகும் சாணி வாசமும் நசுங்கின தேயிலை வாசமும் நின்றது. நான் இவருடைய சட்டையை விட்டிருக்கவில்லை.

"அறிவிருக்கா உனக்கு?" என்றார். "வண்டிக்குள்ள இருந்து ஒரு குரல் குடுத்தா நான் நகர்ந்திருக்க மாட்டேனா? இறங்கி வருவாங்களா யாராவது? உன்ன முட்டியிருந்தா?" உன்ன. அப்படித் திட்டு வாங்கி எத்தனை வருஷமாயிற்று. எனக்கு அழுகை வரவேண்டிய இடம், சிரிப்புதான் வந்தது. "கத்தக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றேன். இவர் வண்டி வரைக்கும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். குக்கர் எத்தனை விசில் அடித்ததோ, சாதம் குழைந்துவிட்டது. வெளியே மேஜையை விரித்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம், ஊறுகாய்ப் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பாதிச் சாப்பாட்டில் இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "என்னை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியல, இல்லையா?" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. "மூணு வாரமா பாத்துட்டுதான் இருக்கேன். கரண்டிய தட்றீங்க, இருமறீங்க, அலமாரிய உடைக்கறீங்க. மொதல்ல காது கேக்கலியோன்னு எனக்கே சந்தேகம் வந்து டாக்டர்கிட்ட போகலாம்னு இருந்தேன்." நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். திட்டும்போது வந்த நீ போய்விட்டது, மறுபடி நீங்க. "அவர எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார், கேட்டுவிட்டு உடனே கையை ஆட்டினார், "வேணாம், சொல்ல வேணாம். அது அவரோடதாவே இருக்கட்டும். நமக்கு வேற ஏதாவது கிடைக்கும். கிடைக்கலேன்னா கரண்டியே போதும், நான் பழகிட்டேன்." இவ்வளவு நல்லவராக இருந்தால் நான் என்ன செய்வது. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன், போதும் என்றார்.

சாப்பிட்ட மயக்கத்தில் இவர் மேட்டு மரத்தடிக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் ஓடைக்கு இறங்கினேன். பாறை வெதுவெதுப்பாக இருந்தது, தண்ணீர் காலை அறுக்கிற குளிர். காலை உள்ளே விட்டு எடுத்து, விட்டு எடுத்து, எதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். அது அவரோடதாவே இருக்கட்டும். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். இருக்கட்டும் என்றால் எதுவரைக்கும், இன்னும் இருபது வருஷம் இருந்தோமானால் இருபது வருஷமும் ஒரு வீட்டில் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் சத்தம் எழுப்பிக்கொண்டு. ராத்திரி இவருக்கு நெஞ்சை வலித்தால் நான் எதைத் தட்டுவேன். தேன்மொழி கேட்டதில் தப்பில்லை, அவள் அப்பா அவளுக்கு. எனக்கும் அவர் அவரேதான், இவர் வந்ததால் அவரில் ஒரு பிடி குறையவில்லை என்று யாரிடம் சத்தியம் செய்வது. சூரியன் ஓடையின் அந்தக் கரைக்கு நகர்ந்தது, ஒரு பாறை ஈரமாகப் பளபளத்தது, பாறை அசைந்தது. பாறை இல்லை. ஏதோ ஒன்று தண்ணீரிலிருந்து ஏறிப் படுத்திருந்தது, பழுப்பாக, நீளமாக, தட்டை வால். பக்கத்தில் இன்னொன்று ஏறியது. தண்ணீருக்குள்ளிருந்து மூன்றாவது ஒன்றின் தலை, மீசையோடு. நீர்நாய். டி.வி.யில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று நண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முறுக்குத் தின்பது மாதிரி நொறுக்கியது, மற்றது அதைப் பிடுங்கப் பார்த்தது, இரண்டும் கட்டிப் புரண்டு மணலில் விழுந்து எழுந்து மறுபடி பாறையில் ஏறின. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் பயந்து நடுங்கிப் பார்த்த மாட்டை விட, என்னை எடை போட்ட குரங்கை விட, இது, இதுதான், இதை இவர் பார்க்க வேண்டும். திரும்பினால் மேட்டில் மரத்தடியில் இவர் முதுகு. தேயிலைப் பக்கம் பைனாகுலரை வைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு. ஏறிப் போனால் அதற்குள் போய்விடும். கையில் தட்ட ஒரு சாமான் இல்லை. கல்லெடுத்து வீசலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இவர் பார்க்க வேண்டும், இவர் பார்க்காமல் இதை நான் மட்டும் பார்த்து என்ன

"ஏனுங்கோவ்!"

மலை முழுக்கக் கேட்டிருக்கும். மாத்திரை ஜன்னல் குரல் இல்லை, கொல்லைக்கும் மாடிக்கும் போகிற குரல், கடைசி எழுத்தை இழுக்கிற குரல், எட்டு வருஷம் பூட்டி வைத்தும் ஒரு கீறல் விழாமல் வந்தது. மூன்று நீர்நாய்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன, அடுத்த நொடி பாறை காலி. மேட்டில் நாற்காலி சாய்ந்தது. இவர் திரும்பினார். இவர் முகம்தான் திரும்பியது, நெற்றி சுருங்கி, வாய் திறந்து, கண்ணைச் சுற்றிப் பைனாகுலர் அழுத்தின வட்டத்தோடு. நான் வேறு முகத்தைத் தேடவில்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. இத்தனை நாள் எந்த முகம் வந்துவிடுமோ என்று பயந்தேனோ அது வரவே இல்லை, கூப்பிடும்போது நான் அவரை நினைக்கவே இல்லை. வந்தேன் புள்ள என்று எங்கிருந்தும் சத்தம் வரவில்லை, வராததை நான் கவனிக்கவும் இல்லை, இப்போதுதான், கூப்பிட்டு முடித்த பிறகுதான், அடடா என்று. போய்விட்டீர்களா. இவ்வளவுதானா. பாறையில் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் பொத்திக்கொண்டு அழுதேன்.

இவர் சரிவில் சறுக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், மூச்சு வாங்க வந்து நின்றார். "என்ன, என்ன ஆச்சு? மாடா? விழுந்துட்டியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "நீர்நாயுங்க. மூணு. அந்தப் பாறையில. நான் கத்தினதுல ஓடிப் போயிருச்சு." இவர் அந்தப் பாறையைப் பார்த்தார். ஈரம் மட்டும் இருந்தது, நண்டின் ஓடு ஒன்று கிடந்தது. இருபது வருஷமாக மலை மலையாகச் சுற்றுகிற மனுஷன், ஒரு நீர்நாய்கூடப் பார்த்ததில்லை என்று வளைவில் ஏறும்போது சொன்னவர். ஆனாலும் முகத்தில் ஒரு வருத்தமும் காட்டவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போடலாமா வேண்டாமா என்று யோசித்து, போட்டார். "இதுக்குப் போய் அழுவாங்களா. இங்கதான் எங்கயாவது இருக்கும், நாளைக்கு வரும். நாளைக்கு இல்லேன்னா அடுத்த தரம் வருவோம்." நான் அழுதது நீர்நாய்க்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஓடை ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தரம் அவசரம் ஒன்றும் இல்லை, பக்கத்திலேயே இருக்கிறார், தொட்டால் போதும், ஆனாலும் கூப்பிட வேண்டும் போல இருந்தது.

"ஏனுங்க" என்றேன்.

இவர் உடனே திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இவருக்கும் அப்போதுதான் விளங்கியது போல, தோளில் இருந்த கை ஒரு நொடி அசையாமல் கனத்தது.

"சொல்லும்மா."

"காலைப் பாருங்க. அட்டை ஏறுது."